விசிட்டிங் கார்டு: இரண்டாம் வாசிப்புக்கான வடிவமைப்பு

ஒரு விசிட்டிங் கார்டை வாங்கியவர் அதை இரண்டு முறை படிக்கிறார். கையில் வாங்கிய நொடியில் ஒரு முறை, பிறகு தேவை வந்து தேடி எடுக்கும்போது இன்னொரு முறை. முதல் முறை படிக்கையில் கொடுத்தவர் எதிரிலேயே நிற்கிறார். பெயரையும் தொழிலையும் அவர் வாயாலேயே சொல்லிவிடுகிறார். அப்போது அட்டைக்குப் பெரிய வேலை இல்லை. இரண்டாம் முறை அவர் அங்கே இருக்கமாட்டார். மேஜை அறையிலோ பர்ஸிலோ இருபது முப்பது அட்டைகளுக்கு நடுவே கிடக்கும் அது, தன்னைத் தானே அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டும். யாருடையது, என்ன தொழில், எப்படித் தொடர்புகொள்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும்.

டிடிபி சென்டரில் கம்ப்யூட்டர் திரைக்கு முன் உட்கார்ந்து டிசைன் பார்க்கும்போது பெரும்பாலானோர் மனத்தில் இருப்பது முதல் வாசிப்புதான். ‘பளிச்சென்று இருக்கட்டும்’, ‘லோகோவைப் பெரிசு பண்ணுங்க’ என்ற யோசனைகளெல்லாம் வாங்குபவரின் முகம் மலர வேண்டும் என்ற நினைப்பில் பிறப்பவை. ஆனால் அட்டையால் வரும் வியாபாரம் இரண்டாம் வாசிப்பில்தான் வருகிறது. எனவே தாளின் தேர்வு முதல் எழுத்தின் அளவு வரை ஒவ்வொரு முடிவையும் அந்த இரண்டாம் வாசகரை முன்னிறுத்தி எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு பரம்பரைகள்

இன்றைய விசிட்டிங் கார்டுக்கு இரண்டு மூதாதையர் உண்டு. ஒன்று, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் வணிகர்கள் அச்சடித்துக் கொடுத்த வணிகத் தாள். மற்றொன்று, பிரான்சிலும் இங்கிலாந்திலும் மேல்தட்டுக் குடும்பத்தினர் பிறர் வீட்டுக்குப் போகும்போது வாசலில் கொடுத்துவந்த பெயர் அட்டை.

அக்கால லண்டன் கடைகளுக்குக் கதவிலக்கம் கிடையாது. வாசலில் தொங்கிய பலகைப் படமே கடையின் அடையாளம். ஆகவே வணிகத் தாளில் அந்தப் படத்தைச் செதுக்கி, எந்தத் தெருவில், எதற்குப் பக்கத்தில் என்று வழியையும் எழுதி, விற்கும் சரக்குகளின் நீண்ட பட்டியலையும் அச்சிட்டார்கள். பின்பக்கத்தில் பில் எழுதிக் கொடுப்பதும் வழக்கம். 1760களில் தொங்கு பலகைகள் அகற்றப்பட்டு வீடுகளுக்கு இலக்கமிடும் முறை பரவிய பிறகே, படத்தின் இடத்தை எண் பிடித்தது. பிற்காலத்தில் பெரும் ஓவியராகப் புகழ்பெற்ற வில்லியம் ஹோகார்த், செதுக்குக் கலைஞராகத் தொழில் தொடங்கியபோது 1720இல் தனக்காகச் செதுக்கிய அட்டை இன்றும் கிடைக்கிறது. சாரா சோபியா பேங்க்ஸ், ஆம்ப்ரோஸ் ஹீல் ஆகிய இருவரும் சேகரித்த ஆயிரக்கணக்கான வணிகத் தாள்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவை அழகுக்காக மட்டும் அச்சானவை என்று சொல்ல முடியாது. வாங்கிப் போனவர் மறுபடியும் கடைக்கு வழி கண்டுபிடித்து வருவதற்காக அச்சானவை.

பெயர் அட்டையின் கதை வேறு. அதில் பெயரைத் தவிர ஏறக்குறைய எதுவும் இருக்காது. வேலையாள் அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டுக்காரர் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். பெயரைப் பார்த்த மாத்திரத்தில் ஆளைத் தெரியும் என்பதால் விவரம் தேவைப்படவில்லை. வெறுமையாக விடப்பட்ட இடமே அங்கே அந்தஸ்தின் அடையாளம். 1854இல் பாரிஸ் புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே திஸ்தேரி ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சிறு படங்களுக்கு விசிட்டிங் கார்டின் பெயரே சூட்டப்பட்டது. அவற்றின் அளவு சுமார் 54க்கு 89 மில்லிமீட்டர். இன்று நம் ஊர் அச்சகங்கள் அடிக்கும் மூன்றரை அங்குல அட்டையின் நீளமும் அதே 89 மில்லிமீட்டர்தான்.

ஆக, நம் அட்டை உருவத்தைப் பெயர் அட்டையிடமிருந்தும் வேலையை வணிகத் தாளிடமிருந்தும் பெற்றிருக்கிறது. இடமோ உள்ளங்கையளவு, சொல்ல வேண்டியதோ ஒரு கடையளவு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம் சிறுநகரக் கடைகளின் அட்டைகள் வணிகத் தாளின் பக்கம் சாய்கின்றன: உச்சியில் சாமி படம், ‘ஸ்ரீ முருகன் துணை’, பங்குதாரர் இருவரின் பெயர், நான்கைந்து போன் எண்கள், பன்னிரண்டு வகைச் சேவைகளின் பட்டியல். பெருநிறுவன அட்டைகள் பெயர் அட்டையின் பக்கம் சாய்கின்றன: பளீர் வெள்ளையில் ஒரு மூலையில் மங்கிய சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து. முதலாவதில் வேண்டியதைத் தேடியெடுக்க முடியாது. இரண்டாவதைப் படிக்கவே முடியாது.

ஜப்பானில் முதல் வாசிப்புக்கு ஒரு சடங்கின் மரியாதை உண்டு. மெய்ஷி எனப்படும் 91க்கு 55 மில்லிமீட்டர் அளவுள்ள விசிட்டிங் கார்டை இரு கையாலும் கொடுத்து இரு கையாலும் வாங்குவார்கள். வாங்கியவர் நின்று படித்துவிட்டு, கூட்டம் முடியும் வரை மேஜைமேல் தன் முன்னால் வைத்திருப்பார். அங்கே அட்டைக்கு முழுதாக ஒரு மணி நேர வாசிப்புகூடக் கிடைக்கும். நம் ஊரில் வாங்கிய அட்டை அடுத்த நொடியே சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. முதல் வாசிப்பை நம்பி வடிவமைக்க நமக்கு நேரமே தரப்படுவதில்லை.

தேடி எடுப்பவர் யார்?

வடிவமைப்பின் முதல் வேலை கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை. இந்த அட்டையை யார், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்காகத் தேடுவார் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஓர் எலெக்ட்ரீஷியனை எடுத்துக்கொள்வோம். அவருடைய அட்டையைத் தேடுபவர் இருட்டில் நிற்கிறார். வீட்டில் கரண்ட் போயிருக்கிறது. செல்போன் டார்ச் வெளிச்சத்தில் அட்டையைப் பார்க்கிறார். பளபளப்பான குளாஸ் லேமினேஷன் போட்ட அட்டையாக இருந்தால் டார்ச் ஒளி கண்ணில் திருப்பி அடிக்கும். கறுப்புப் பின்னணியில் தங்க நிற எழுத்து என்றால் இன்னும் மோசம். அவருக்கு வேண்டியது வெள்ளை மேட் அட்டை, பெரிய எழுத்தில் ஒரே ஒரு போன் எண், ‘எலெக்ட்ரிகல் வேலை’ என்ற இரண்டு சொற்கள், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்ற தகவல். அதையே ஸ்டிக்கராக அடித்து மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போகும் எலெக்ட்ரீஷியன், எந்த வடிவமைப்புப் பாடமும் படிக்காமலே இரண்டாம் வாசகரைச் சரியாகப் புரிந்துகொண்டவர்.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளரின் நிலைமை வேறு. அவர் அட்டை ஒரு கண்காட்சியில் வெளிநாட்டு வணிகரின் பைக்குள் போகிறது. ஊர் திரும்பிய பிறகு அந்த வணிகர் அட்டைகளை மேஜைமேல் கொட்டிப் பிரிக்கிறார். ‘முன்னணி ஏற்றுமதியாளர்’ என்று நூறு அட்டைகளிலும் இருக்கும். ‘குழந்தைகளுக்கான பருத்தி உள்ளாடைகள்’ என்று எழுதிய அட்டைதான் உரிய அடுக்கில் போய்ச் சேரும். இங்கே போன் எண்ணுக்கு முன்னால் +91 கட்டாயம். மின்னஞ்சல் போன் எண்ணைவிட முக்கியம். சரக்கின் பெயர் நிறுவனப் பெயருக்கு அடுத்தபடியாக நிற்க வேண்டும்.

சமையல் கான்ட்ராக்டரின் அட்டை பந்தியில் சாப்பிட்டவரிடம் போகிறது. அவர் வீட்டு விசேஷம் இன்னும் ஆறு மாதம் கழித்து இருக்கலாம். அதற்குள் கான்ட்ராக்டரின் பெயர் மறந்துவிடும், ‘அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டோமே’ என்பது மட்டும் நினைவிருக்கும். எந்த மண்டபம், யார் வீட்டுக் கல்யாணம் என்று பின்பக்கத்தில் பேனாவால் குறித்துக்கொள்ள இடம் இருந்தால் அந்த அட்டைக்கு நினைவாற்றல் வந்துவிடுகிறது. லேமினேஷன் போட்ட பக்கத்தில் பால்பாயிண்ட் பேனா எழுதாது. எனவே பின்பக்கத்தை லேமினேஷன் இல்லாமல் விடுவது இவருக்கு ஒரு பெரிய வசதி. மருத்துவரின் அட்டையில் பார்க்கும் நேரமும் விடுமுறை நாளும் பட்டங்களைவிடப் பயனுள்ளவை. மொத்த வியாபாரியின் அட்டையில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணுக்குப் பின்பக்கத்தில் இடம் தரலாம். சரக்கு வாங்கும் கடையின் கணக்கர் அதைத் தேடுவார். ஆனால் அழகுநிலையத்தின் அட்டையில் அது வெறும் அடைசல்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சண்டையை இந்த ஒரு கேள்வியே தீர்த்துவைக்கும். தேடி எடுப்பவருக்கு உதவாத வரி எதுவானாலும், அது எவ்வளவு பெருமைக்குரியதானாலும், அட்டையில் அதற்கு இடமில்லை.

கண்ணின் கணக்கு

இடம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். மூன்றரைக்கு இரண்டு அங்குல அட்டை என்பது 89க்கு 51 மில்லிமீட்டர். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் மிஞ்சுவது 79க்கு 41. தமிழ் எழுத்தை 8 பாயிண்டில் வைத்து, வரிகளுக்கிடையே போதிய இடம் விட்டால் ஒரு வரிக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் ஆகும். அதாவது ஒரு பக்கத்துக்கு மொத்தமே பத்து வரி. பெயருக்கும் லோகோவுக்கும் போக மீதி ஆறு அல்லது ஏழு வரி. அட்டையில் ஏற்றும் ஒவ்வொரு தகவலும் இந்த ஏழு வரியிலிருந்துதான் இடம் பிடிக்க வேண்டும்.

எழுத்தை எவ்வளவு சிறிதாக்கலாம்? கண் மருத்துவத்தில் இயல்பான பார்வை என்பதற்கு ஒரு வரையறை உண்டு: கண்ணில் 5 கலை கோணம், அதாவது ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, விழும் எழுத்தை அடையாளம் காண முடிய வேண்டும். 40 சென்டிமீட்டர் தூரத்தில் இது 0.58 மில்லிமீட்டர் உயரம். இது கண்டுபிடிக்கக்கூடிய எல்லை மட்டுமே. சிரமமின்றிப் படிக்க இதைப்போல் இரண்டு, மூன்று மடங்காவது வேண்டும். 7 பாயிண்ட் ஆங்கில எழுத்தில் சிற்றெழுத்தின் உயரம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், அதாவது எல்லையைப்போல் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே போனால் நாற்பது வயது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கும். அட்டையைப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள்.

தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. ‘ஞ’, ‘இ’, ‘ஐ’, ‘ணு’ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கமாக இருப்பதால், சிறிய அளவில் மை பரவிச் சுழி அடைத்துக்கொள்கிறது. மெல்லிய எழுத்துருவில் புள்ளி காணாமல் போகிறது. புள்ளி போனால் ‘பால்’ ‘பால’ ஆகிவிடும். ‘மணல்’ ‘மணல’ என்று நிற்கும். மேலே விசிறியும் கீழே காலும் உள்ள எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமலிருக்க வரி இடைவெளியும் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகத் தேவை. பாயிண்ட் அளவை மட்டும் நம்பவும் முடியாது. ஒரே 8 பாயிண்டில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று பொடியாகவும் தெரியும். அச்சடித்த மாதிரியில் ‘க’வின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்ல நடைமுறை.

ஆங்கில அட்டைகளைப் பார்த்துத் தமிழ் அட்டை செய்வோர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஆங்கிலத்தில் பதவியைச் சிறிய பேரெழுத்துகளில் போட்டு வேறுபடுத்தலாம். தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பிரிவே கிடையாது. அளவு, தடிப்பு, இடம் ஆகிய மூன்றை வைத்துத்தான் முதன்மையைக் காட்ட முடியும். அடுத்து, எழுத்துகளுக்கிடையே அகலமாக இடைவெளி விடும் பாணி. தமிழில் அப்படிச் செய்தால் ‘கெ’, ‘கை’ போன்றவற்றில் கொம்பும் இணைக்கொம்பும் எழுத்தை விட்டுப் பிரிந்து அனாதையாக நிற்கும். ஆங்கிலத்தில் நாகரிகமாகத் தெரியும் பாணி தமிழில் எழுத்துப்பிழையாகத் தெரிகிறது.

பெயர், எண், முகவரி

இருமொழி அட்டையில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பக்கத்தில் வரிக்கு வரி மாற்றிப் போடுவது பரவலான வழக்கம். இதனால் பத்து வரி இடம் ஐந்தாகச் சுருங்குகிறது. கண்ணும் ஒவ்வொரு வரியிலும் மொழி மாற வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கத் தமிழ், மறுபக்கம் முழுக்க ஆங்கிலம் என்று பிரித்தால் இரண்டுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். குறிப்பு எழுத இடம் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் தகவலைக் குறைத்துக்கொள்ளலாம்.

பெயரில் இனிஷியல் ஒரு தனிப் பிரச்சினை. தமிழ்ப் பக்கத்தில் ‘இரா.’ என்றும் ஆங்கிலப் பக்கத்தில் ‘ஆர்’ என்பதற்கான எழுத்தும் இருப்பது நமக்குப் புரியும். வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் எது குடும்பப்பெயர், எந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது என்று தெரியாது. அழைக்க வேண்டிய பெயரை ஒருபடி தடித்த எழுத்தில் போட்டால் விளக்கமே தேவையில்லை. மின்னஞ்சல் முகவரிக்கு இதைவிடக் கவனம் வேண்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரே முறை கிடையாது. ‘த’வுக்குப் பின் ‘எச்’ உண்டா, ‘ழ’வுக்கு எந்த எழுத்து என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஊகித்து எழுதுபவர் தவறாகத்தான் எழுதுவார். அதனால் மின்னஞ்சலை, சின்ன எல்லும் ஒன்று என்ற எண்ணும், ஓவும் பூஜ்யமும் வேறுபட்டுத் தெரியும் எழுத்துருவில் அச்சிடுவது அவசியம்.

போன் எண்ணுக்கு உளவியல் ஆய்வு உதவுகிறது. குறுகிய கால நினைவில் மனிதர் ஒரே நேரத்தில் ஏழு, கூடவோ குறையவோ இரண்டு கூறுகளை வைத்திருக்க முடியும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அந்த எண்ணிக்கை நான்கை ஒட்டியதே என்று வாதிட்டார். எதை ஏற்றாலும், பத்து இலக்கத்தை ஒரே மூச்சில் பிடித்துவைக்க முடியாது. நம் செல்போன் எண்ணை ஐந்து, ஐந்தாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டு அச்சிட்டால், பார்த்து அழுத்துபவர் தவறும் வாய்ப்பு குறையும். லேண்ட்லைன் எண்ணுக்குச் சென்னைக்கு 044, கோவைக்கு 0422, மதுரைக்கு 0452 என்று எஸ்டிடி குறியீடு தவறாமல் வேண்டும். உள்ளூரில் கொடுத்த அட்டையை வெளியூரில் எடுத்துப் பார்ப்பவரும் உண்டு. எண்கள் இரண்டுக்கு மேல் போனால் எதை அழைப்பது என்ற குழப்பம் வரும். எது வாட்ஸ்அப் எண் என்று குறித்துவிட்டால் ஒரு வீண் அழைப்பு மிச்சம்.

முகவரியில் ‘சென்னை - 17’ என்று எழுதுவது பழைய பழக்கம். 1972 ஆகஸ்ட் 15 முதல் நாட்டில் ஆறு இலக்க பின்கோடு நடைமுறையில் இருக்கிறது. முதல் இலக்கமான 6, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய வட்டாரத்தைக் குறிக்கிறது. கடைசி மூன்று இலக்கம் அஞ்சலகத்தைக் குறிக்கிறது. உள்ளூர் தபால்காரருக்கு 17 போதும். கூரியர் நிறுவனத்தின் மென்பொருளுக்கு 600017 என்று முழுதாக வேண்டும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவுக்கு இரண்டு இலக்கங்கள் உள்ள தெருக்களில் இரண்டையும் போடுவதே நேர்மை. கோயில் எதிரில், பேருந்து நிலையம் பின்புறம் என்ற ஓர் அடையாளம், மூன்று வரி முகவரியைவிட விரைவாக ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். லண்டன் வணிகர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இதைத்தான்.

இவற்றையெல்லாம் எங்கே வைப்பது? பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை மனம் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும் என்று 1923இல் ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் விளக்கினார். பெயரும் பதவியும் ஒரு கூட்டம், தொடர்பு எண்களும் மின்னஞ்சலும் ஒரு கூட்டம், முகவரி ஒரு கூட்டம். கூட்டத்துக்குள் நெருக்கம், கூட்டங்களுக்கிடையே வெற்றிடம். கோடும் கட்டமும் போட்டுப் பிரிப்பதைவிட இது தெளிவானது, இடமும் மிச்சம்.

அச்சகத்தில் நடப்பது

திரையில் அழகாக இருந்த டிசைன் அச்சில் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் அச்சுமுறையைத் தெரிந்துகொள்ளாததே. சிவகாசியில் 1920களில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலும் அதைத் தொடர்ந்த பட்டாசுத் தொழிலும் லேபிளுக்காக அச்சுத் தொழிலை வளர்த்தன. இன்று தமிழ்நாட்டில் நல்ல ஆப்செட் அச்சு கிடைக்காத ஊர் குறைவு. சாதனம் சரியாக இருக்கிறது. அதற்குத் தரும் ஃபைல்தான் பல நேரம் சரியில்லை.

ஆப்செட்டில் நான்கு மைகள் தனித்தனி பிளேட்டிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ரிஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றோடொன்று பொருந்தி விழும் இடம், ஒரு முடியளவு விலகினாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தட்டும். அதனால் சிறிய எழுத்துகளைத் தனிக் கறுப்பு மையில் மட்டும் அச்சிட வேண்டும். நான்கு மையைக் கலந்த கறுப்பில் அச்சிடக் கூடாது. வண்ணப் பின்னணியில் வெள்ளையாக விட்ட பொடி எழுத்தில் நான்கு மைகளும் உள்ளே கசிந்து சுழிகளை அடைத்துவிடும். அந்த ஆசை இருந்தால் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கட்டிங் மெஷினில் கட்டுக் கட்டாக வெட்டும்போது அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். அதனால்தான் பின்னணி வண்ணத்தை வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பிளீட் விட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. வெட்டு சற்றே விலகினாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் பார்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

மலிவு விலையில் ஆயிரம் அட்டை என்பது, பல வாடிக்கையாளரின் அட்டைகளை ஒரே ஷீட்டில் சேர்த்து ஓட்டுவதால் சாத்தியமாகிறது. அங்கே உங்கள் அட்டைக்காகத் தனியாக வண்ணத்தைத் திருத்த முடியாது. பக்கத்து அட்டைக்குக் கூட்டிய மை உங்களுடையதையும் பாதிக்கும். நிறுவனத்தின் நிறம் துல்லியமாக வேண்டுமென்பவர் தனியாக ஓட்டுவதற்கான செலவுக்குத் தயாராக வேண்டும். ஆயிரம் என்ற எண்ணிக்கைக்கும் ஒரு விலை உண்டு. போன் எண் மாறியபின் மீதி நூற்றுக்கணக்கான அட்டைகளில் பேனாவால் அடித்துத் திருத்தியெழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்போம். முதல்முறை டிஜிட்டலில் நூறு அட்டை அடித்து, ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு ஆயிரத்துக்குப் போவதுதான் சிக்கனம்.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்கிறார்கள்; ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம் என்பது பொருள். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம். விசிட்டிங் கார்டுக்கு 300 முதல் 350 வரை போதும். ஸ்பாட் யுவி, எம்போசிங், பாயில், டை கட்டிங் போன்ற அலங்கார வேலைகள் எல்லாம் முதல் வாசிப்பின் இன்பங்கள். அவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் டை கட்டிங்கில் விசித்திர வடிவமாக வெட்டிய அட்டை பர்ஸில் நுழையாது. ஏடிஎம் கார்டின் அளவு 85.60க்கு 53.98 மில்லிமீட்டர் என்று உலகத்தரம் வகுத்திருக்கிறது. பர்ஸின் அறைகள் அதை ஒட்டியே தைக்கப்படுகின்றன. அந்த அறைக்குள் போகாத அட்டை வெளியே கிடந்து தொலைந்துபோகும்.

தமிழ் அட்டைக்கு மட்டும் உரிய இன்னொரு கண்டம் எழுத்துரு. தமிழ் 1991இலேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றது. ஆனால் பல டிடிபி சென்டர்களில் பழைய குறியேற்ற எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயரை அங்கே மாற்றும்போது கொம்பு இடம் மாறும், ஒற்று விழுந்துபோகும். அச்சகத்துக்கு ஃபைல் போகுமுன் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக, மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகு வரும் மாதிரியை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். கர்வ்ஸ் ஆன பிறகு நுழைந்திருக்கும் பிழையைக் கண்டுபிடிக்க மனிதக் கண் ஒன்றே வழி.

கியூஆர்: சதுரத்துக்குள் எத்தனை எழுத்து?

ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கிய கியூஆர் குறியீடு இன்று விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைத்துவிடலாம் என்ற ஆசை இயல்பானது. தமிழுக்கு அது கட்டுப்படியாகாது. இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்; தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட். அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரில் 15 குறிகள், எனவே 45 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் 13 எழுத்தில் எழுதினால் 13 பைட். பக்கத்துக்கு 29 கட்டங்கள் உள்ள மூன்றாம் அளவுக் கியூஆர், நடுத்தரப் பிழைதிருத்த நிலையில் 42 பைட் மட்டுமே கொள்ளும். ஒரு பெயருக்கே அது போதவில்லை.

முழு விவரமும் 300 பைட் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 69 கட்டங்கள் கொண்ட பதின்மூன்றாம் அளவு வேண்டும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுவது விதி. அதையும் சேர்த்து 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அடைத்தால் ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர்தான் வரும். மை சற்றுப் பரவினாலும் செல்போன் திணறும். அதற்குப் பதில் முப்பது எழுத்துக்குள் ஓர் இணைய முகவரியைப் போட்டால் அதே இடத்தில் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கும். மங்கிய வெளிச்சத்திலும் படிக்கும். அந்த முகவரி உங்கள் சொந்த இணையதளத்தில் இருப்பது நல்லது. இலவசச் சேவையின் இணைப்பு நின்றுபோனால், அச்சடித்த ஆயிரம் சதுரங்களும் வெறும் அலங்காரமாகிவிடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2016இல் யுபிஐ வந்த பிறகு, கியூஆர் சதுரத்தைக் கண்டால் பணம் கட்டும் இடம் என்றே மக்கள் நினைக்கிறார்கள். ‘ஸ்கேன் செய்தால் எங்கள் எண் உங்கள் போனில் சேரும்’ என்று ஒரு வரி பக்கத்தில் இல்லாவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். கியூஆர் இருக்கிறதே என்று போன் எண்ணை எடுத்துவிடுவதும் தவறு. சார்ஜ் இல்லாத போனை வைத்திருப்பவரும் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைக்க முடிய வேண்டும்.

மாதிரி கையில் வந்ததும்

ஆய்வின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல அட்டை என்பது தேடியவரை ஏமாற்றாத அட்டை. அழகு அதற்குத் தடையில்லை. ஆனால் அழகுக்காகப் படிக்கும் வசதியை விட்டுக்கொடுத்த அட்டை, அடித்த காசைத் திருப்பித் தராது. வடிவமைப்புக்கு அதிகம் செலவழிப்பவர்கூட இந்த வரிசையை மாற்றக் கூடாது: முதலில் வாசகர் யார் என்ற முடிவு, அடுத்து அவருக்கு வேண்டிய ஏழு வரி, பிறகு எழுத்தின் அளவும் இடைவெளியும், தாளும் பளபளப்பும் கடைசியில்தான்.

அச்சகத்தில் ‘ஓகே’ சொல்லும்முன், மாதிரியைச் சரியான அளவில் அச்சடித்து வாங்குங்கள். செல்போன் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். வீட்டில் ஐம்பது வயது தாண்டியவரிடம் இரவு விளக்கில் கொடுத்துக் கண்ணாடியில்லாமல் படிக்கச் சொல்லுங்கள். உங்களைத் தெரியாத ஒருவரிடம் காட்டி ‘இவர் என்ன தொழில் செய்கிறார்?’ என்று கேளுங்கள். கியூஆரை இரண்டு வெவ்வேறு போன்களில் ஸ்கேன் செய்யுங்கள். கடைசியாக, அட்டையிலுள்ள எண்ணை மனப்பாடத்திலிருந்து அழுத்தாமல், மாதிரியைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக அழுத்துங்கள். உங்கள் போன் மணியடித்த பிறகு ஆயிரம் அட்டைக்கு ஆர்டர் கொடுங்கள்.